அடிபட்ட உறுப்பை எப்போது அசைக்கலாம்? – இயன்முறை சிகிச்சை: வாசகர் கேள்விகள்

எலும்பு முறிவு, ஜவ்வுக் கிழிசல், பக்கவாதம், முதுகுவலி என்று இந்த மாதம் வந்துள்ள கடிதங்கள் வெவ்வேறு துன்பங்களைச் சொன்னாலும், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே தயக்கத்தைத்தான் வெளிப்படுத்துகின்றன: அடிபட்ட உறுப்பை அசைத்தால் நல்லதா, அசைக்காமல் வைத்திருந்தால் நல்லதா? இங்கே தரப்படும் விளக்கங்கள் பொதுவானவை. உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் 'காலில் இவ்வளவுதான் எடை ஊன்றலாம்', 'கையை இவ்வளவுதான் தூக்கலாம்' என்று ஏதேனும் வரம்பு விதித்திருந்தால், அந்த வரம்புக்குள் நின்றே இவற்றைப் பின்பற்ற வேண்டும்.

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்த மறுநாள் காலையிலேயே பிசியோதெரபிஸ்ட் வந்து அவரைக் கட்டிலை விட்டு இறக்கி நிற்க வைத்துவிட்டார். அவர் வலியால் அழுததைப் பார்த்த உறவினர்கள், "மூன்று மாதம் படுக்கையில் இருந்தால்தான் எலும்பு கூடும்" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, திண்டுக்கல்

பிசியோதெரபிஸ்ட் செய்ததுதான் சரி. அறுவை சிகிச்சை இல்லாத காலத்தில், காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, எலும்பு கூடும் வரை பல வாரங்கள் முதியவர்களைப் படுக்க வைத்திருந்தார்கள். உங்கள் உறவினர்கள் சொல்வது அந்தக் காலத்து அனுபவம். அதில் அக்கறை இருக்கிறதே தவிர, இன்றைய சிகிச்சைக்கு அது பொருந்தாது. கம்பியோ திருகோ வைப்பதன் நோக்கமே, எலும்பு முழுமையாகக் கூடுவதற்கு முன்பே நோயாளி எழுந்து நிற்க வேண்டும் என்பதுதான். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே எழுப்பி நிறுத்த வேண்டும் என்று பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

இதில் இவ்வளவு அவசரம் காட்டப்படுவதற்குக் காரணம், முதுமையில் படுக்கை விளைவிக்கும் கேடுகள் எலும்பு முறிவைவிடக் கொடியவை என்பதே. படுத்தே இருப்பவரின் நுரையீரலின் அடிப்பகுதி முழுமையாக விரிவதில்லை. சளி தேங்கி நிமோனியா வருகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியாததால் இரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பின்இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வருகிறது. தொடைத் தசை சில நாட்களிலேயே மெலியத் தொடங்கிவிடும். எலும்பு கூடிய பின் நடக்கலாம் என்று காத்திருந்தால், எலும்பு கூடியிருக்கும், ஆனால் உடலைத் தாங்கும் தசை இருக்காது.

இனி வீட்டில் எப்படி எழுப்புவது என்பதைச் சொல்கிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை, நடைப்பயிற்சிக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது எழுப்பினால் அவருக்கு அச்சம்தான் மிஞ்சும். படுத்திருப்பவரைச் சட்டென்று நிறுத்தாமல், கட்டிலின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டுச் சில நிமிடங்கள் உட்கார வையுங்கள். இரத்த அழுத்தம் திடீரென இறங்கித் தலை சுற்றுவது இந்தக் கட்டத்தில்தான். அவர் வாக்கரைப் பிடித்துத் தன்னை மேலே இழுக்க முயல்வார். அதை அனுமதிக்காதீர்கள், வாக்கர் சாய்ந்துவிடும். கட்டிலையோ நாற்காலியின் கைப்பிடியையோ அழுத்தி எழுந்து நின்ற பிறகே வாக்கரைப் பிடிக்க வேண்டும். முதலில் வாக்கர் முன்னே நகர வேண்டும், அடுத்து அறுவை சிகிச்சை செய்த கால், அதன் பிறகு நல்ல கால். படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே போகும். இறங்கும்போது அறுவை சிகிச்சை செய்த கால் முதலில் கீழே வரும். இந்த வரிசை ஒன்றை வீட்டிலுள்ள அனைவரும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதிக் கவலை தீரும்.

தாழ்வான கட்டிலும் பாயும் வேண்டாம். மேற்கத்திய கழிவறை இல்லாத வீடாக இருந்தால், நாற்காலி வடிவக் கழிப்பிருக்கையை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ கட்டிலருகே வைத்துக்கொள்ளுங்கள். அவர் விழுந்த அதே குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தாமல் அவரை மீண்டும் அனுப்பாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வழுக்கி விழுந்த அளவிலேயே எலும்பு முறிந்திருப்பதால் எலும்புத் தேய்மானத்துக்கான (எலும்பின் அடர்த்தி குறைவதற்கான) பரிசோதனையும் சிகிச்சையும் தேவையா என மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஒரு முறிவுக்குப் பின் இன்னொரு முறிவு வரும் வாய்ப்பு கூடுதல். உணவில் முட்டை, பருப்பு, பால், மீன் ஆகியவற்றில் அவர் உண்பவற்றைக் கூட்டுங்கள். கஞ்சி மட்டும் கொடுத்துத் தசையை வளர்க்க முடியாது.

கேள்வி: வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபோது, விரல்களை மடக்கவே முடியவில்லை, புறங்கை வீங்கியிருக்கிறது, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடியவில்லை. எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாக எக்ஸ்ரே சொல்கிறது. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், கோவில்பட்டி

உங்கள் முறிவு மணிக்கட்டில். ஆனால் இறுகிப்போயிருப்பது விரல்களும் முன்கையும். கட்டுக்கு வெளியே இருந்த விரல்களையும், முழங்கையையும், தோளையும் முதல் நாளிலிருந்தே அசைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மாவுக்கட்டு போடும் இடத்தில் அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாமல் போவதால் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் கையின் பயனை இழக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் யாருக்காவது இப்போது கையில் கட்டு இருந்தால், கட்டு எந்த மூட்டை மறைக்கவில்லையோ அந்த மூட்டையெல்லாம் மணிக்கொரு முறை முழுமையாக மடக்கி நீட்டுங்கள்; கையைத் தொங்கவிடாமல் நெஞ்சு மட்டத்துக்கு மேல் வைத்திருங்கள்.

உங்கள் நிலைக்கு வருவோம். வெதுவெதுப்பான நீரில் கையைப் பத்து நிமிடம் வைத்திருந்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். விரல்களை நேராக நீட்டுங்கள். பிறகு நடு மூட்டையும் நுனி மூட்டையும் மட்டும் மடக்கிக் கொக்கி போல வையுங்கள். அதிலிருந்து முழுக் கைமுட்டியாக மூடுங்கள். மூடாத விரலை மறு கையால் மெல்ல அழுத்தி, சில விநாடிகள் அப்படியே வைத்திருங்கள். முன்கைத் திருப்பத்துக்கு, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, கோயிலில் திருநீறு வாங்குவதுபோல உள்ளங்கையை மேலே திருப்புங்கள். பிறகு தரையை நோக்கித் திருப்புங்கள். முழங்கையை ஒட்டி வைக்காவிட்டால் தோள் அந்த வேலையைச் செய்து உங்களை ஏமாற்றிவிடும். ஒரு தட்டில் புளியங்கொட்டைகளைப் போட்டு, கட்டைவிரலோடு ஒவ்வொரு விரலையும் மாறி மாறிச் சேர்த்து எடுப்பது நுண்ணிய பிடியை மீட்கும். சோற்றைப் பிசைந்து அந்தக் கையாலேயே உண்ணத் தொடங்குங்கள். முதல் வாரம் சிந்தும், பரவாயில்லை.

எவ்வளவு வலி வரை செய்யலாம் என்பது அடுத்த கேள்வியாக வரும். வலிக்குச் சுழியத்திலிருந்து 10 வரை மதிப்பெண் போட்டால், 3 அல்லது 4 வரையிலான வலி ஏற்கத்தக்கது. அது சிறிது நேரத்தில் தணிந்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். மறுநாளும் வலியும் வீக்கமும் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம் என்று பொருள். நிறுத்திவிடாமல் அளவைக் குறையுங்கள்.

வீக்கத்தைக் குறைக்கவும் தோலை மென்மையாக்கவும் விரல் நுனியிலிருந்து முழங்கை நோக்கி மென்மையாகத் தடவுவதில் தவறில்லை. பலமாக உருவுவதும், 'நீவி எடுக்கிறேன்' என்று ஒருவர் உங்கள் மூட்டை வெடுக்கென்று இழுப்பதும் கூடாது. குறிப்பாக முழங்கையில் அடிபட்டவர்கள், அதிலும் குழந்தைகள், எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கும் சிகிச்சைக்குப் போகவே கூடாது. காயம்பட்ட தசையை அப்படிக் கசக்கும்போது அத்தசைக்குள்ளேயே எலும்பு படிந்து, முழங்கை மடக்கவும் நீட்டவும் முடியாமல் நின்றுவிடுவதுண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள்: தொட்டாலே தீயாய் எரியும் வலி, தோல் நிறமாற்றம், பளபளப்பு, ஒரு கை மட்டும் அதிகம் வியர்ப்பது ஆகியவை இருந்தால் அது வெறும் இறுக்கம் அன்று. காலம் தாழ்த்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கணுக்கால் பிசகிவிட்டால் ஐஸ் வைக்க வேண்டுமா, வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டுமா?
– வாசகி, சேலம்

முதல் இரண்டு மூன்று நாட்கள் வெந்நீர் வேண்டாம்; வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸை ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் வைத்தால் வலி மட்டுப்படும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். நான்கு அடி கூட எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் மேலேயே தொட்டால் வலி இருந்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். முறிவு இல்லையென்றால் ஓரிரு நாளிலேயே தாங்கக்கூடிய அளவுக்கு ஊன்றி நடக்கலாம். வீக்கம் வடிந்ததும் பெரும்பாலோர் சிகிச்சையை முடித்துக்கொள்கிறார்கள். அதே கணுக்கால் மீண்டும் மீண்டும் பிசகுவது அதனால்தான். பல் துலக்கும்போது அந்த ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். அது எளிதானதும், சுவர் அருகே கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். சமநிலை திரும்பினால்தான் கணுக்கால் குணமானதாகக் கருத முடியும்.

கேள்வி: எனக்கு 21 வயது. கபடி ஆடும்போது முட்டியில் ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை செய்து ஐந்து மாதம் ஆகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, மெதுவாக ஓடவும் செய்கிறேன். ஊர்த் திருவிழாப் போட்டியில் அணியினர் என்னை எதிர்பார்க்கிறார்கள். இறங்கலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

இந்த ஆண்டு வேண்டாம், தம்பி. வலி இல்லை என்பதை வைத்து ஜவ்வு உறுதியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

உங்கள் முட்டிக்குள் இப்போது இருப்பது பழைய ஜவ்வு அன்று; பெரும்பாலும் உங்கள் தொடையிலிருந்து எடுக்கப்பட்ட தசைநாரை அங்கே பொருத்தியிருப்பார்கள். பிடுங்கி நட்ட நாற்று முதலில் வாடிப் பிறகு வேர் பிடிப்பதுபோல, அந்தத் தசைநாரும் முதல் சில மாதங்களில் வலுவை இழந்து, புதிய இரத்த நாளங்கள் வளர்ந்த பின்னரே மெல்ல ஜவ்வாக மாறி உறுதிப்படுகிறது. முட்டிக்குள் நடக்கும் இந்த மாற்றத்தை வலியைக் கொண்டு அளக்க முடியாது. நார்வேயில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டி மறுபடி காயமடையும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று காட்டியது. ஐந்தாவது மாதத்தில் இறங்குவது எவ்வளவு பெரிய பந்தயம் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

கபடியில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். பாடிச் செல்பவர் காலை ஊன்றி உடலைத் திருப்பும் அதே கணத்தில் எதிரணியினர் கணுக்காலைப் பிடித்துவிடுகிறார்கள். பாதம் தரையில் நிற்க, உடல் திரும்ப, முட்டி நடுவில் முறுக்கப்படுகிறது. முதல் முறை ஜவ்வு கிழிந்ததும் அநேகமாக இப்படித்தான் இருக்கும். இந்த அசைவுக்கு நேர்க்கோட்டில் மெதுவாக ஓடும் பயிற்சி உங்களைத் தயார்ப்படுத்தாது.

ஒன்பது மாதம் என்பது நாட்காட்டிக் கணக்கு மட்டுமே. அத்துடன் சில சோதனைகளிலும் தேற வேண்டும். அறுவை சிகிச்சை செய்த காலின் தொடைத் தசை வலிமை மறு காலின் வலிமையில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாவிக் கடக்கும் தூரமும் அதே அளவில் இருக்க வேண்டும். ஒரு படியிலிருந்து குதித்து இறங்குவதை நண்பர் ஒருவரைக் கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள்: தரையில் பாதம் படும் நொடியில் முட்டி உள்பக்கமாகச் சரிகிறதென்றால், நீங்கள் இன்னும் தயாராகவில்லை. இப்போதைக்கு ஒற்றைக் காலில் அமர்ந்தெழுதல், படியேறுதல், பின்தொடைத் தசைப் பயிற்சி ஆகியவற்றை எடையைக் கூட்டிக் கூட்டிச் செய்யுங்கள். திசைமாற்றி ஓடுவது அடுத்தது. பிடிபடும் பயிற்சி கடைசி. அணியினரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். உங்கள் ஆட்டத்தை விரும்புகிறவர்கள் காத்திருப்பார்கள்.

கேள்வி: என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. கைத்தடியுடன் நடக்கிறார். இடது கை மட்டும் தொங்குகிறது. விரல்களில் இலேசான அசைவு இருக்கிறது. தோளில் கடுமையான வலி. மூன்று மாதத்துக்குள் வராத கை இனி வராது என்று ஒருவர் சொன்னதிலிருந்து அவர் பயிற்சியையே விட்டுவிட்டார். கதவில் கப்பி மாட்டிக் கயிறு இழுக்கச் சொன்னாலும் மறுக்கிறார்.
– வாசகர், தஞ்சாவூர்

முதலில் அந்தக் கப்பியைக் கழற்றிவிடுங்கள். தோள்பட்டை மூட்டு ஆழமில்லாத கிண்ணம். அதைப் பிடித்து நிறுத்துவது சுற்றியுள்ள தசைகள்தான். அந்தத் தசைகள் செயலிழந்தால் கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கிறது. அப்பாவின் இரு தோள்களின் முனையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இடது தோளில் எலும்புக்குக் கீழே ஒரு விரல் அளவுக்குப் பள்ளம் தெரியலாம். இந்த நிலையிலுள்ள கையைக் கயிற்றால் தலைக்கு மேல் இழுக்கும்போது தோளின் தசைநார்கள் எலும்புகளுக்கிடையே நசுங்குகின்றன. அவர் மறுப்பதற்குப் பிடிவாதத்தைவிட வலியே காரணமாக இருக்கக்கூடும். அவரை எழுப்பும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும், சட்டை போடும்போது அந்தக் கையைப் பிடித்து இழுப்பதும் இன்றோடு நிற்கட்டும். உட்காரும்போது முன்கையைத் தலையணை மேலோ மேசை மேலோ தாங்கி வையுங்கள். சட்டை போடும்போது பாதிக்கப்பட்ட கை முதலில். கழற்றும்போது அது கடைசியில்.

மூன்று மாதக் கெடு என்று ஒன்று கிடையாது. முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும் என்பது உண்மை. அதன் பிறகு கதவு அடைபட்டுவிடும் என்பது உண்மையன்று. மூளையில் இறந்த பகுதி உயிர்த்தெழுவதில்லை. அதைச் சுற்றியுள்ள பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. கற்பதற்கு அவற்றுக்குத் தேவைப்படுவது திரும்பத் திரும்பச் செய்யும் முயற்சி. நாளொன்றுக்குப் பத்து முறை கையை மற்றவர் தூக்கிவிடுவது அதற்குப் போதாது. அவரே முயன்று செய்யும் அசைவு நூற்றுக்கணக்கில் வேண்டும், அதுவும் பொருளுள்ள வேலையாக இருக்க வேண்டும்: துண்டை மேசை மேல் விரித்து முன்னும் பின்னும் துடைப்பது, காலி டம்ளரைச் சுற்றி விரல்களை மூடித் திறப்பது, வெற்றிலையை அந்தக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கையால் காம்பு கிள்ளுவது. அவர் வாழ்நாளெல்லாம் செய்துவந்த வேலை எதுவோ அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிப் பயிற்சியையும் உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுத் தொடங்கலாம். மேசையின் நடுவே, அவர் மார்புக்கு நேராக ஒரு கண்ணாடியை நிறுத்தி, இடது கையை அதன் பின்னால் மறைத்து வைக்க வேண்டும். வலது கையை அசைத்தபடி கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தால், இடது கையே அசைவதுபோலத் தோன்றும். அந்தக் காட்சியே மூளையின் அசைவுப் பகுதியைத் தூண்டுகிறது. கண்ணாடியை இப்படிப் பயன்படுத்தலாம் என்று 1990-களில் கண்டு சொன்னவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளரான வி.எஸ். ராமச்சந்திரன். கையை இழந்தவர்களுக்கு, இல்லாத கையில் எழும் வலியைத் தணிக்கவே அவர் முதலில் இதைச் செய்தார். பின்னர் பக்கவாதச் சிகிச்சைக்கும் பரவியது. கண்ணாடி ஒன்று போதும், செலவில்லை. நாள்தோறும் அரை மணி நேரம், சில வாரங்களுக்குத் தொடர வேண்டும்.

அவர் பயிற்சியை விட்டதற்கு மனச்சோர்வும் காரணமாக இருக்கலாம். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது மிகப் பரவலானது, சிகிச்சையால் குணமாவது; மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். விரலில் அசைவு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான்காவது மாதத்தில் அது நம்பிக்கையளிக்கும் அறிகுறி என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: முதுகுவலிக்கு ஒரு மையத்தில் பத்து நாள் கரண்ட் வைத்தார்கள். வைக்கும்போது நன்றாக இருந்தது. இரண்டே நாளில் வலி திரும்பிவிட்டது. இன்னும் பத்து நாள் வைக்கலாமா? பெல்ட் போடலாமா?
– வாசகி, ஆவடி

கரண்ட், அல்ட்ராசவுண்ட், மெழுகு ஒத்தடம் போன்றவற்றால் சில மணி நேரம் வலி தணியலாம். அந்த இடைவெளியில் உடற்பயிற்சியைத் தொடங்குவதற்காகவே அவை பயன்பட வேண்டும். படுக்க வைத்து, கருவியைப் பொருத்தி, இருபது நிமிடம் கழித்து அனுப்பிவிடுவதை முழுமையான இயன்முறை சிகிச்சை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. உங்களைப் பரிசோதித்து, உங்களுக்கென்று பயிற்சிகளைத் தேர்ந்து, அவற்றை நீங்கள் செய்வதைக் கண்ணால் பார்த்துத் திருத்தி, வாரந்தோறும் கூட்டிக்கொடுக்கும் ஒருவரைத் தேடுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறி, உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கம் தருவதையும் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், தோல் வழி மின் தூண்டல் (ஒரு வகைக் கரண்ட் சிகிச்சை) ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்றும் அது சொல்கிறது. எனவே இன்னும் பத்து நாள் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம்.

நடையில் தொடங்குங்கள், பத்து நிமிடம் நடக்க முடிந்தால் அதை வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி இடுப்பை உயர்த்துவது, கை கால் ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது ஆகியவை எளியவை, பயனுள்ளவை. குனியவே கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த அச்சத்தை விட்டுவிடுங்கள். குனிவதற்கும் குடம் தூக்குவதற்கும் முதுகைப் படிப்படியாகப் பழக்குவதே சிகிச்சை. ஆனால் சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை இழப்பது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் வலுவிழந்து பாதம் இழுபடுவது, காய்ச்சலுடனோ எடை குறைவுடனோ சேர்ந்த முதுகுவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: விபத்தில் தண்டுவடம் அறுந்து, தம்பிக்கு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லை. கால் திரும்ப வராது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வராத காலுக்கு எதற்குப் பிசியோதெரபி?
– வாசகர், இராமநாதபுரம்

உங்கள் வேதனை புரிகிறது. இந்தக் கேள்விக்கு வேலூரில் வாழ்ந்த ஒரு மருத்துவரின் வாழ்க்கையே பதில். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அந்த இயக்கம் திரும்பவே இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, அத்துறைக்குத் தலைமை ஏற்றார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

தம்பிக்குச் சிகிச்சையின் இலக்கு காலை அசைப்பது அன்று. யாருடைய உதவியுமின்றிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் மாறுவது. அதற்குத் தோளும் கைகளும் உடலையே தூக்கும் அளவுக்கு வலுப்பெற வேண்டும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிடுங்கள். நாற்காலியில் இருக்கும்போது, கால் மணி முதல் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை அவரே கைகளை ஊன்றி உடலைத் தூக்கியோ முன்னால் சாய்ந்தோ இருக்கையின் அழுத்தத்தை மாற்றப் பழக வேண்டும். உணர்வில்லாத தோலில் புண் வந்தால் வலிக்காது, ஆகவே தெரியாது. தினமும் கைக்கண்ணாடி வைத்துப் பின்புறத்தைப் பார்ப்பதை அவருக்கே கற்றுக்கொடுங்கள். கால் மூட்டுகளை நாள்தோறும் அசைத்துவிடுவதும் தேவைதான். மூட்டுகள் மடங்கி இறுகிவிட்டால் நாற்காலியில் உட்காருவதே கடினமாகும். சிறுநீர்ப்பையைக் குறித்த நேரத்தில் குழாய் வழியே காலி செய்யும் முறையை மருத்துவமனையிலேயே கற்றுக்கொண்டு வீடு திரும்புங்கள். கூடுமானால் மறுவாழ்வுப் பிரிவு உள்ள மருத்துவமனையில் சில வாரங்கள் உள்நோயாளியாகச் சேர்த்துப் பயிற்சி பெற வையுங்கள். அவரைப் போன்ற மற்றவர்கள் தாமே நாற்காலி ஏறுவதை அங்கே அவர் பார்ப்பார்.

கேள்வி: தனியார் மையத்துக்குத் தினமும் ஆட்டோவில் போய்வர எங்களால் முடியவில்லை. அரசு வசதி ஏதேனும் உண்டா?
– வாசகி, தருமபுரி

உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயன்முறை சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கு வரவே இயலாத நிலையில் இருப்பவர்களுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட திட்டம் இது. உங்கள் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பெயரைப் பதிவு செய்யுங்கள். 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

வருகிறவர் தினமும் வர மாட்டார். ஆகவே அவர் வரும் நாளில் வீட்டில் யார் பயிற்சிக்கு உதவப் போகிறாரோ அவர் கட்டாயம் உடனிருந்து, ஒரு முறை அவர் முன்னிலையிலேயே செய்து காட்டித் திருத்தம் பெற்றுக்கொள்ள வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கொடுத்த சுருக்க அறிக்கை, எக்ஸ்ரே படங்கள், மாத்திரைச் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வைத்திருங்கள். காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பது அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எழுதி வாங்கிவிடுங்கள்.